டைரோசின் ஒன்றுதான், ஆபத்து இரண்டா? சௌத்தால் ஆண்களின் இரத்தம் பற்றி ஒரு விவாதம்

மேற்குச்சாளரம் (லண்டன்):

அன்பர்களுக்கு வணக்கம். லண்டனின் மேற்குப் பக்கத்தில் சௌத்தால் என்றொரு பகுதி இருப்பதும், அங்கே ஐம்பதுகளிலிருந்து பஞ்சாபியர் பெருமளவில் வந்து குடியேறியதும் இங்கே வாழும் நம்மவர்களுக்குத் தெரிந்த செய்திதான். அந்தச் சௌத்தாலிலும் அருகிலுள்ள பிரென்ட்டிலும் 1988 முதல் 1991 வரை, 40 வயதிலிருந்து 69 வயது வரை உள்ளவர்களைத் தொழிற்சாலைப் பணியாளர் பட்டியல்களிலிருந்தும் குடும்ப மருத்துவர்களின் பதிவேடுகளிலிருந்தும் அழைத்து, இரத்தம் எடுத்து, இடுப்புச் சுற்றளவும் அளந்து வைத்தார்கள். மெக்கீக், ஷா, மார்மட் ஆகியோர் 1991-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட முதல் முடிவிலேயே, ஐரோப்பியரில் 4 சதவீதத்தினருக்கு இருந்த நீரிழிவு தெற்காசியரில் 19 சதவீதத்தினருக்கு இருந்தது தெரியவந்தது. இன்சுலின் அதிகம், டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு அதிகம், எச்டிஎல் எனப்படும் நல்ல கொழுப்பு குறைவு, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு அதிகம் என்று இன்று நம் வீட்டு ஆய்வக அறிக்கைகளில் பார்த்துப் பார்த்துப் பழகிப்போன அந்தக் கோலம் முழுவதும் அன்றே பதிவாகிவிட்டது.

நான் இந்த இழையைத் தொடங்குவது அதே மனிதர்களின் இரத்தத்தை வைத்துப் பின்னாளில் நடந்த வேறொரு ஆய்வுக்காக. சேமித்து வைத்திருந்த அந்த மாதிரிகளில், புரதத்தின் கட்டுமானத் துண்டுகளான அமினோ அமிலங்களை அளந்து, நீரிழிவு இல்லாதிருந்த ஆண்களை 19 ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். பின்தொடர முடிந்த 643 தெற்காசிய ஆண்களில் 227 பேருக்கும், 801 ஐரோப்பிய ஆண்களில் 113 பேருக்கும் நீரிழிவு வந்தது. அதாவது 35 சதவீதம், 14 சதவீதம். தொடக்கத்திலேயே ஐசோலூசின், பினைல்அலனின், டைரோசின், அலனின் ஆகிய நான்கும் தெற்காசிய ஆண்களிடம் கூடுதலாக இருந்தன. இதுவரை வியப்பில்லை. என்னை நிறுத்தியது அடுத்த வரி. டைரோசின் ஒரு திட்ட விலக்கம் (மனிதருக்கு மனிதர் வழக்கமாகக் காணும் வேறுபாட்டின் அலகு) அளவு உயரும்போது, உடல் பருமன், இன்சுலின் எதிர்ப்பு (இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காத நிலை) ஆகியவற்றைக் கணக்கில் கழித்த பிறகும், தெற்காசியரிடம் நீரிழிவுக்கான வாய்ப்பு விகிதம் (நோய் வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் உள்ள விகிதம் எத்தனை மடங்காகிறது என்ற எண்) 1.47 ஆகிறது, ஐரோப்பியரிடம் 1.10 மட்டுமே, அதுவும் புள்ளியியல் அளவில் பொருட்படுத்தத் தக்கதன்று.

ஒரே மூலக்கூறு, ஒரே அளவு உயர்வு, ஒரே ஊரின் தண்ணீர். ஆபத்து மட்டும் ஏன் வேறாகிறது? உயிர்வேதியியல் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

குடுவை (கோவை):

ஆய்வகத்தில் இருபது ஆண்டு பணியாற்றியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

டைரோசினுக்கு உடலில் இரண்டு வரவுகள் உண்டு: உண்ணும் புரதத்திலிருந்து நேரடியாக வருவது ஒன்று, பினைல்அலனினைக் கல்லீரல் மாற்றித் தருவது மற்றொன்று. செலவு மட்டும் பெரும்பாலும் ஒரே இடத்தில், அதாவது கல்லீரலில்தான் நடக்கிறது. கிளைத்த சங்கிலி அமினோ அமிலங்கள் எனப்படும் லூசின், ஐசோலூசின், வாலின் ஆகியவற்றைத் தசையும் கொழுப்புத் திசுவும் சேர்ந்து கையாள்கின்றன. ஆனால் டைரோசினைச் சிதைக்கும் முதல் நொதி முதன்மையாகக் கல்லீரலுக்கே உரியது. ஆகவே வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் டைரோசின் தேங்கி நிற்கிறது என்றால், நேற்றிரவு என்ன சாப்பிட்டோம் என்பதைவிடக் கல்லீரல் தன் வேலையை எப்படிச் செய்கிறது என்பதையே அது அதிகம் சொல்கிறது என்பது என் எண்ணம்.

இந்த இடத்தில் 2006-இல் யேல் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஓர் ஆய்வை நினைவுகூர வேண்டும். ஒல்லியான, இளவயது, புகைபிடிக்காத இந்திய வம்சாவளி ஆண்களை மற்ற இனக்குழுக்களைச் சேர்ந்த அதேபோன்ற ஆண்களுடன் ஒப்பிட்டபோது, இன்சுலின் எதிர்ப்பு மூன்று நான்கு மடங்கு அதிகமாகவும், கல்லீரல் கொழுப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகவும் இருந்தது. வெளியே ஒல்லி, உள்ளே கல்லீரலில் கொழுப்பு என்றால் டைரோசின் உயர்வதற்கு உடல் எடை கூட வேண்டிய தேவையே இல்லை. சௌத்தால் ஆய்வில், பெரும்பாலான அமினோ அமிலங்களுக்கும் உடல் பருமனுக்கும் இடையிலான தொடர்பு தெற்காசியரிடம் தளர்வாகவே இருந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். இது என் ஊகத்தோடு ஒத்துப்போகிறது. ஐரோப்பிய ஆணிடம் இந்த அமிலம் உயர்வது அவருடைய பருமனையே மறுபடியும் சொல்வதாக இருக்கலாம். பருமனைக் கழித்துவிட்டால் அங்கே மிச்சம் ஒன்றும் இராது. நம்மவரிடம் அது வேறெதையோ சொல்கிறது; ஆகவே கழித்த பிறகும் மிஞ்சி நிற்கிறது.

இது ஊகம்தான். கல்லீரலை நேரில் அளந்து பார்க்காமல் முடிவு கட்ட மாட்டேன்.

எண்கணியன் (பெங்களூர்):

குடுவை ஐயாவின் விளக்கம் அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதனாலேயே எனக்குச் சற்று அச்சமாகவும் இருக்கிறது. இரண்டு குழுக்களில் ஒன்றில் 1.47, மற்றதில் 1.10 என்று வந்தால், முதலாவது உண்மை, இரண்டாவது ஒன்றுமில்லை என்று படிப்பது மிகப் பழைய பிழை. கேட்க வேண்டிய கேள்வி, இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு நம்பத்தக்கதா என்பதே. தெற்காசியர் எண்ணின் நம்பக எல்லை (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வீச்சு) 1.17 முதல் 1.85 வரை, ஐரோப்பியர் எண்ணின் எல்லை 0.87 முதல் 1.39 வரை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துதான் கிடக்கின்றன. இனக்குழுவுக்கும் டைரோசினுக்கும் இடையிலான ஊடாட்டத்துக்கு, அதாவது தொடர்பு குழுவுக்குக் குழு மாறுகிறதா என்ற சோதனைக்கு, தரப்பட்ட பி மதிப்பு (வேறுபாடே இல்லாதிருந்தாலும் இப்படி வரக்கூடிய வாய்ப்பு; 0.05-க்குக் கீழ் இருந்தால் பொருட்படுத்துவது வழக்கம்) 0.045. பல அமினோ அமிலங்களைச் சோதித்துப் பார்த்த ஓர் ஆய்வில் அவற்றுள் ஒன்று 0.05 என்ற கோட்டை மயிரிழையில் தாண்டியிருக்கிறது. அதைத் தள்ளிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதன் மேல் மாடி கட்டுவதற்குள் வேறொரு மக்கள் தொகுதியில் மறுபடி பார்க்க வேண்டும் என்கிறேன்.

இன்னொன்று. நீரிழிவு 19 ஆண்டுகளில் 35 பேரில் ஒருவருக்கு வருவது போன்ற அரிய நோயாக இருந்தால் வாய்ப்பு விகிதத்தையும் ஆபத்து விகிதத்தையும் ஒன்றாகவே பாவிக்கலாம். இங்கே நூற்றுக்கு 35 பேருக்கு வந்திருக்கிறது. ஆகவே 1.47 என்பதை "ஆபத்து ஏறத்தாழ ஒன்றரை மடங்கு" என்று எழுதினால் மிகைப்படுத்துவதாகும். தமிழ் வார இதழ்கள் இதைத்தான் செய்யும், நாமாவது செய்யாமலிருப்போம்.

மேற்குச்சாளரம்:

எண்கணியன் சொல்வதை ஏற்கிறேன். ஆனாலும், அமினோ அமிலங்களுக்கும் வரப்போகும் நீரிழிவுக்கும் தொடர்பு உண்டு என்பது சௌத்தாலை மட்டும் நம்பி நிற்கும் செய்தியன்று. அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் ஆய்வில் இரத்தச் சர்க்கரை இயல்பாக இருந்த 2422 பேரை 12 ஆண்டுகள் பின்தொடர்ந்ததில் 201 பேருக்கு நோய் வந்தது. ஐசோலூசின், லூசின், வாலின், டைரோசின், பினைல்அலனின் ஆகிய ஐந்தும் பல ஆண்டுகளுக்கு முன்பே அதைக் காட்டியிருந்தன என்று 2011-இல் எழுதினார்கள். ஆகவே எனக்கு எஞ்சும் ஐயம், அந்தத் தொடர்பு நம்மிடம் வலுவாக இருக்கிறதா என்பது மட்டுமே.

சிராங்கூன்வாசி (சிங்கப்பூர்):

"நம்மிடம்" என்று எழுதுகிறீர்கள் அல்லவா, என் ஆட்சேபம் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

சௌத்தால் ஆய்வில் தெற்காசியர் எனப்பட்டவர்களில் பெரும்பாலோர் பஞ்சாபிலிருந்து வந்தவர்கள். அவர்களுள் சீக்கியர் அதிகம். கோதுமையும் பாலும் உண்டு வளர்ந்து, கடல் கடந்து வந்து, குளிர்நாட்டுத் தொழிற்சாலைகளில் உழைத்த முதல் தலைமுறை ஆண்கள் அவர்கள். தஞ்சாவூரிலோ யாழ்ப்பாணத்திலோ பிறந்த ஒருவரை அவர்களோடு சேர்த்து ஒரே பெட்டியில் போடுவது பிரித்தானியக் கணக்கெடுப்புக்கு வசதி. உடலுக்கு அந்த வசதி தெரியாது. நூற்று எழுபது கோடிக்கு மேற்பட்ட மக்களை ஒரே சொல்லால் அழைத்துவிட்டு அவர்களுக்கு ஒரு டைரோசின் எண்ணைக் கொடுப்பது எனக்கு நெருடலாக இருக்கிறது.

எங்கள் ஊரில் இந்தியர் என்று பதிவாகியிருப்பவர்களில் பாதிக்கு மேல் தமிழர். 2010-ஆம் ஆண்டின் தேசிய நலக் கணக்கெடுப்பில் இந்தியரிடம் நீரிழிவு 17.2 சதவீதம், மலாய்க்காரரிடம் 16.6, சீனரிடம் 9.7. அதே 2010-இல் இங்கே உடல் பருமன் இல்லாத, பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடையின் அளவீடு) 24 அளவில் இருந்த 263 சீன, இந்திய ஆண்களிடம் இரத்த வளர்சிதைப் பொருள்களை அளந்த ஆய்வொன்று வெளியானது. பருமன் இல்லாத நிலையிலும் அமினோ அமிலங்கள் இன்சுலின் எதிர்ப்போடு சேர்ந்தே உயர்ந்திருந்தன. அதுவும் இரண்டு இனத்தாரிடமும். ஆகவே குடுவை ஐயா சொல்லும் "ஒல்லியான உடலிலும் உயரும்" என்ற பகுதிக்கு இங்கே ஆதரவு உண்டு. ஆனால் அது இந்தியருக்கே உரிய தனி இயல்பு என்பதற்கு இதில் ஆதரவு இல்லை.

வேப்பமரத்தடி (மதுரை):

நான் மருத்துவம் படித்தவன் அல்லன். எனக்கு 49 வயது; தந்தைக்கும் தமையனுக்கும் சர்க்கரை உண்டு. இதையெல்லாம் படித்த பிறகு ஓர் எளிய கேள்வி: டைரோசின் புரதத்தில் இருக்கிறது என்றால் பருப்பையும் முட்டையையும் குறைத்துக்கொள்வது நல்லதா? இந்த டைரோசின் பரிசோதனையை எங்கே செய்துகொள்ளலாம்?

குடுவை:

வேப்பமரத்தடி அவர்களே, தயவுசெய்து பருப்பைக் குறைக்காதீர்கள். நம் தட்டில் குறைய வேண்டியது சோறு. கூட வேண்டியதுதான் பருப்பும் சுண்டலும். வெறும் வயிற்றில் இரத்தத்தில் இருக்கும் அளவு, தசையிலிருந்து எவ்வளவு வெளியேறுகிறது, கல்லீரல் எவ்வளவு செலவழிக்கிறது என்ற இரண்டின் நிலுவை. வடிகால் அடைத்துக்கொண்டால் தொட்டி நிரம்பத்தான் செய்யும்; அதற்காகக் குழாயை மூடிப் பயனில்லை. மேலும் அமினோ அமிலம் உயர்வதால் நோய் வருகிறதா, இன்சுலின் எதிர்ப்பு வந்ததால் அமினோ அமிலம் உயர்கிறதா என்பதே இன்னும் தீராத வழக்கு. மரபணுக்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் ஒன்று முதலாவதையும் இன்னொன்று இரண்டாவதையும் ஆதரிக்கிறது.

இந்தப் பரிசோதனையைத் தேடி அலையவும் வேண்டாம். ஆய்வுக்கு உதவும் குறிகாட்டி வேறு, தனி மனிதருக்கு முடிவு சொல்லும் குறிகாட்டி வேறு. உங்கள் தந்தைக்கும் தமையனுக்கும் நோய் இருப்பது, உங்கள் இடுப்புச் சுற்றளவு, உங்கள் வயது, உங்கள் உடலுழைப்பு ஆகிய நான்கையும் வைத்துச் சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005-இல் ஒரு மதிப்பெண் அட்டை வகுத்தார்கள். ஒரு நாடாவும் ஒரு பென்சிலும் போதும். ஆணுக்கு இடுப்பு 90 செ.மீ. என்பதை எல்லையாகக் கொள்ளுங்கள். ஐரோப்பியருக்குச் சொல்லும் 94 உங்களுக்கு இல்லை.

நடுநிலை (டொராண்டோ):

இவ்வளவு நேரம் தெற்காசியரையும் ஐரோப்பியரையும் மட்டுமே எதிரெதிரே நிறுத்திப் பேசியதால் ஒன்று விடுபட்டுப்போயிற்று. பிரென்ட் பகுதியில் சேர்க்கப்பட்டவர்களில் ஆப்பிரிக்க-கரீபியரும் இருந்தார்கள். இருபது ஆண்டுப் பின்தொடர்வில் நீரிழிவு வந்தவர்கள் ஐரோப்பியரில் 14 சதவீதம், தெற்காசியரில் 33, ஆப்பிரிக்க-கரீபியரில் 30 என்று 2013-இல் வெளியிட்டார்கள். இப்போது அவர்களுடைய இரத்தத்தைப் பாருங்கள்: டிரைகிளிசரைடு குறைவு, எச்டிஎல் நன்று. நம் ஊர் மருத்துவர் அந்தக் கொழுப்பு அறிக்கையைப் பார்த்தால் கைகுலுக்கி அனுப்பிவிடுவார். ஆனாலும் நோய் தெற்காசியருக்கு நிகராக வந்திருக்கிறது. டிரைகிளிசரைடும் எச்டிஎல்லும் சேர்ந்ததே வளர்சிதைக் கோளாறின் அடையாளம் என்று ஐரோப்பிய உடல்களை வைத்து எழுதப்பட்ட இலக்கணம், ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் இன்சுலின் எதிர்ப்பு முற்றியிருந்தாலும் அதைக் கண்டுகொள்ளாமல் தவறவிடுகிறது. கிழக்காசியரிடம் கதை மறுபக்கம் போகிறது: அவர்களிடம் இன்சுலின் எதிர்ப்பு பெரிதாக இல்லாதபோதே கணையத்தின் சுரப்பு எளிதில் தளர்ந்துவிடுகிறது.

ஆகவே சிராங்கூன்வாசி சொல்வதை நான் பாதி ஏற்று, பாதி மறுக்கிறேன். இனக்குழு என்ற சொல் கரடுமுரடானது; அதற்குள் பிறப்பு எடை, தாயின் உணவு, புலம்பெயர்வு, வேலை, வருமானம், மரபணு எல்லாம் கலந்து கிடக்கின்றன. புனேயில் நீரிழிவு ஆய்வாளர் யாஜ்னிக் குழுவினர் அளந்த குழந்தைகள் சராசரி 2.7 கிலோ எடையுடன் பிறந்தன. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்தவை 3.5 கிலோ. எடை அவ்வளவு குறைந்தும் தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. குறைந்தது தசையும் உள்ளுறுப்புகளுமே. நடுவயதில் இரத்தத்தில் தெரியும் வேறுபாட்டில் ஒரு பங்கு கருவறையிலேயே எழுதப்பட்டதாக இருக்கலாம். இதே யாஜ்னிக் தம் லண்டன் நண்பர் யூட்கினுடன் நின்று 2004-இல் லான்செட்டில் வெளியிட்ட படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள்: இருவருக்கும் பிஎம்ஐ 22.3, ஒருவர் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், மற்றவர் உடலில் 21.2. யார் எவர் என்று சொல்லத் தேவையில்லை. (யூட்கின் நெடுந்தொலைவு ஓடுபவர் என்பதையும் அவர்களே ஒளிக்காமல் எழுதியிருந்தார்கள், இணையத்தில் படத்தைப் பகிர்பவர்கள் அந்த வரியை மட்டும் வெட்டிவிடுகிறார்கள்.)

இனக்குழு என்ற சொல்லைத் தூக்கி எறிந்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் எண்ண வேண்டும். இங்கிலாந்தில் பதினான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவேடுகளைப் பார்த்து 2021-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். வெள்ளையருக்கு பிஎம்ஐ 30-இல் இருக்கும் நீரிழிவு ஆபத்து தெற்காசியருக்கு 23.9-இலேயே வந்துவிடுகிறது, சீனருக்கு 26.9, கறுப்பினத்தவருக்கு 28.1. எல்லோருக்கும் 30 என்று வைத்தால், 24-இல் நிற்கும் யாழ்ப்பாணத்து ஆணிடம் "நீங்கள் சரியாகத்தான் இருக்கிறீர்கள்" என்று மருத்துவர் சொல்வார். என் மைத்துனருக்கு இதே நகரத்து மருத்துவமனை ஒன்றில் நடந்தது அதுதான். நான்கு ஆண்டு கழித்துக் கண் பரிசோதனையில்தான் சர்க்கரை இருப்பது தெரிந்தது.

எண்கணியன்:

நடுநிலையின் கடைசிப் பத்திக்கு என் வாக்கு. மோசமான அளவுகோல் கையில் இருந்தால் அதைத் திருத்த வேண்டும். உடைத்துப்போட்டுவிட்டுக் கண்ணளவுக்குத் திரும்பக் கூடாது.

குடுவை:

அளவுகோல் என்றதும் எழுதாமலிருக்க முடியவில்லை. டைரோசின் நம் கைக்கு எட்டாதது. கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் போக்கைச் சதவீதமாகக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. ஆனால் அதிலும் இதே சிக்கல் இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

அந்தப் பரிசோதனை சர்க்கரையை நேராக அளப்பதில்லை. ஏறத்தாழ 120 நாள் வாழும் சிவப்பணுவின் ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்க்கிறது. ஆகவே அணுவின் ஆயுள் மாறினால், சர்க்கரை மாறாமலே எண் மாறும். இரும்புச்சத்துக் குறைந்தால் எச்பிஏ1சி பொய்யாக உயரும். ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி) குறைபாட்டில் அணு சீக்கிரம் அழிவதால் பொய்யாகத் தாழும். அந்த மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதால் ஆண்களிடம் ஒரே பிரதி. பாதிப்பு முழுதாகத் தெரியும். ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் காணப்படும் இந்த மரபணுவின் ஒரு மாற்றுரு ஆண்களின் எச்பிஏ1சியை ஏறத்தாழ 0.8 அளவு இறக்கிக் காட்டுவதாக 2017-இல் கண்டார்கள். 6.5 என்பது நோயின் வாசல் என்றிருக்கும்போது 0.8 என்பது சிறு பிழையன்று, 7.2 இருக்க வேண்டியவர் 6.4 என்ற தாளோடு நிம்மதியாக வீட்டுக்குப் போவார். அதே அமெரிக்காவில் சர்க்கரை ஒரே அளவில் இருந்தபோதும் கறுப்பினத்தவரின் எச்பிஏ1சி வெள்ளையருடையதைவிட 0.4 அளவு கூடுதலாக இருப்பதாகவும் ஓர் ஆய்வு உண்டு. ஆக ஒரே சமூகத்தில் சிலருக்கு எண் மேலே இழுக்கப்படுகிறது, சிலருக்குக் கீழே.

வேப்பமரத்தடி:

இப்போது எனக்கு உண்மையிலேயே கவலை வந்துவிட்டது. சென்ற மாதம் எச்பிஏ1சி 6.0, வெறும் வயிற்றுச் சர்க்கரை 104. இடுப்பு அளந்தேன், 95 செ.மீ. ஹீமோகுளோபின் 11.8 என்று இருக்கிறது. இந்த 6.0-ஐ நம்பலாமா, கூடாதா?

குடுவை:

ஐம்பதை நெருங்கும் ஆணுக்கு 11.8 குறைவு. அதற்குக் காரணம் என்ன என்பதை மருத்துவரிடம் முதலில் கேளுங்கள்; அது சர்க்கரையைவிட அவசரமாக இருக்கவும் கூடும். இரும்புச்சத்துக் குறைவுதான் என்றால் உங்கள் 6.0 சற்று ஊதிய எண்ணாக இருக்கலாம். ஆனால் 104-க்கு இரும்பு பொறுப்பாகாது; 95 செ.மீ. இடுப்புக்கும் பொறுப்பாகாது. ஆகவே குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். அது சிவப்பணுவின் ஆயுளைப் பற்றிக் கவலைப்படாது.

மேற்குச்சாளரம்:

வேப்பமரத்தடி அண்ணா, ஒன்றைச் சேர்க்கிறேன். அதில் 140-க்கு மேல் வந்தாலும் மனம் தளர வேண்டாம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட தடுப்பு ஆய்வில் உங்களைப் போன்ற நிலையில் இருந்தவர்களைத்தான் எடுத்துக்கொண்டார்கள். மூன்று ஆண்டுகளில், நடை, உணவு பற்றிய தனி ஆலோசனை பெறாதவர்களில் 55 சதவீதத்தினர் நீரிழிவுக்குள் போனார்கள். நடையும் உணவு மாற்றமும் கடைப்பிடித்தவர்களில் அது 39 சதவீதம். டைரோசினைப் பற்றி நான் தொடங்கிய இழை உங்கள் இடுப்பில் வந்து நிற்பதில் எனக்கு வருத்தமில்லை.

வேப்பமரத்தடி:

நன்றி. வரும் வியாழக்கிழமை காலைக்குப் பதிவு செய்துவிட்டேன். முன்தினம் ஏதாவது கவனிக்க வேண்டுமா? சோற்றை இன்றே நிறுத்திவிடலாம் என்றிருக்கிறேன்.

குடுவை:

நிறுத்தாதீர்கள். அதற்கு முந்தைய மூன்று நாளும் வழக்கம்போல் சோறு சாப்பிடுங்கள். மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்துவிட்டுப் போனால் இரண்டாம் மணி நேர எண் பொய்யாக ஏறிவிடும். புதன் இரவு 10 மணிக்குள் சாப்பாட்டை முடித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு தண்ணீர் மட்டும். காலையில் காபி வேண்டாம். 75 கிராம் குளுக்கோஸை ஐந்து நிமிடத்துக்குள் குடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருங்கள். நேரத்தைப் போக்க வெளியே ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தால் எண் இறங்கிவிடும். முடிவு வந்ததும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெர்ரிட்டின் எண்ணோடு சேர்த்து இங்கே எழுதுங்கள்.